மான்ஸ்டெராவை எங்கே வெட்டுவது

1. மஞ்சள் இலை

மனைவி எஸ்தர் இறந்து சில மாதங்களில், அவள் வளர்த்த, அகன்ற இலைகளில் துளை விழும் மான்ஸ்டெராக் கொடியின் அடியிலை மஞ்சளானது. நான் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். வீட்டின் பின்னறையில் வெப்பமண்டலக் கொடிகளை வளர்த்து விற்றவள் அவள். விற்பனைத் தொட்டிகள் எல்லாம் போய்விட்டன. விலைக்கு இல்லையென்று அவள் ஒதுக்கிய இந்த ஒன்று மட்டும் எஞ்சியது. இதைக் காப்பாற்றியாக வேண்டும்.

சங்கரன்கோவிலின் காற்று வறண்டது. ஆகவே ஈரப்புகைக் கருவியை ஓட விட்டேன். தெருவிலுள்ள விசைத்தறிக் கூடங்களிலிருந்து பஞ்சுத்தூசி வந்து இலைகளில் படியும். அதைத் தடுக்க ஜன்னல்களைச் சாத்தினேன். ஈரப்பதமானி காட்டிய அளவு பாடநூலோடு பொருந்தியது. இலைகள் பழுத்துக்கொண்டே இருந்தன.

நீர் போதாத மான்ஸ்டெராவும் நீர் மிகுந்த மான்ஸ்டெராவும் ஒரே மஞ்சளைத்தான் காட்டும். ஒரு நாள் நீரைக் குறைத்தேன், மறுநாள் கூட்டினேன். மாணவன் எவனாவது இப்படிச் செய்திருந்தால் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் அளித்திருக்கமாட்டேன்.

2. கத்தரிக்கோல்

பஜாரில் பியூட்டி பார்லர் நடத்தும் செல்வி, எஸ்தரின் பழைய வாடிக்கையாளர். அறைக்குள் வந்ததும் முந்தானையால் விசிறிக்கொண்டார்.

“என்ன சார், உள்ள இட்லி அவிக்கியளா? மூச்சு முட்டுதுல்லா!”

“ஈரப்பதம் கரெக்டாத்தான் இருக்கு.”

“மோர் தெளிச்சுப் பாருங்க. எங்க பார்லர்ல மூஞ்சிக்கே அதான்.”

தொட்டியைச் சாய்த்தேன். அடித்தண்டு விரலில் குழைந்தது. காற்றோட்டமில்லாத ஈரத்தில் அழுகல் பிடித்திருந்தது. மேல்தண்டை வெட்டிக் கணுக்களைப் புதிதாக வேர்விடச் செய்வதே வழி. ஆண்டுதோறும் நானே கற்பித்த பாடம். ஆனால் கத்தரிக்கோலை எடுத்ததும் கை நின்றது. எஸ்தர் நட்ட பகுதி அழுகிவிட்டது. பிழைத்திருந்த மேற்பகுதியோ அவள் போனபின் வளர்ந்தது. எதைக் காப்பாற்றுகிறேன் என்பது விளங்கவில்லை.

“கணுவுக்குக் கீழதானே சார் வெட்டணும்? எஸ்தரக்கா அப்படித்தான் வெட்டுவாங்க.”

“தெரியும்.”

“பொறவு ஏன் நிக்கிய?”

வெட்டினேன். இரண்டு துண்டுகள் தேறின.

“ஒண்ண எங்கிட்டத் தாங்க சார். இங்கன பட்டாலும் அங்கன ஒண்ணு நிக்கும்லா.”

ஏசி, ஹேர் ட்ரையர், ஸ்ப்ரே நெடி ஆகியவற்றுக்கு நடுவே அது பிழைக்காது என்று விரிவாக விளக்கினேன்.

“அக்காவா இருந்தா இதுக்குள்ள பேப்பர்ல சுத்தித் தந்திருப்பாங்க. நீங்க கிளாஸ் எடுக்கிய.”

செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

3. பார்லர்

ஜன்னல்களைத் திறந்துவைத்தும் என் துண்டு அழுகியது. சில வாரங்கள் கழித்து பார்லருக்குப் போனேன். செல்வியின் துண்டு வேர்விட்டு ஓர் இலையும் விரித்திருந்தது. ஃபேஷியல் நீராவியா, ஓயாமல் திறந்து மூடும் கதவின் காற்றா, இரண்டுமேயா என்று உறுதியாகச் சொல்ல என்னால் இயலவில்லை.

“எடுத்துட்டுப் போங்க சார். ஒங்க செடிதானே” என்றார் செல்வி.

“வேண்டாம். எடம் மாத்துனா அதுவும் போயிரும்.”

“அப்பம் அடிக்கடி வந்து பாருங்க. அப்படியே அக்கா போனபொறவு வளத்த அந்தத் தாடியையும் எடுத்து விடுதேன்.”

கொடி வளர்ப்போருக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றே. அரிய கொடியை ஒரே வீட்டில் வைத்திருக்காதீர்கள். நலமாயிருக்கும்போதே ஒரு கணுவை வெட்டி, கேட்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். உங்களுடையது பட்டுப்போனாலும், சென்று பார்க்க ஓர் இடமாவது இருக்கும்.