நூறு எண்ணி அணைத்த வண்டி

என் வீட்டுக்காரர் கீரமங்கலத்தில் வாடகைக் கார் ஓட்டினார். பழைய டீசல் வண்டி. படுக்கையில் விழுந்தபோது சாவியை என்னிடம் கொடுத்து, "தெனம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணு. இல்லேன்னா செத்துரும்" என்றார். எனக்கு ஓட்டத் தெரியாது. சாவியைத் திருப்பத் தெரியும், அது போதும் என்று நினைத்தேன்.

அவர் போன பிறகும் விடவில்லை. காலையில் வாசல் தெளித்த கையோடு அவர் சீட்டில் உட்காருவேன். முதுகுக்கு அவர் வைத்துக்கொண்ட சின்னத் தலையணை அங்கேயே இருக்கும். ஸ்டார்ட் செய்து நூறு எண்ணுவேன், அணைத்துவிடுவேன். டீசலை வீணாக்குகிறவள் இல்லை நான். இப்படி மூன்று வருஷம்.

கொழுந்தனும் டிரைவர்தான். வண்டியைக் கேட்டு வந்தான்.

"ஒங்க அண்ணன் உக்காந்த எடம் தம்பி. வேற ஆளு உக்கார முடியாது" என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்குப் பெருமைதான்.

போன ஐப்பசியில் ஒருநாள், எண்ணெய்ச் செம்பு மாதிரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எண்பது எண்ணியும் அணையவில்லை. என்ஜின் சத்தமும் காய்ந்து கேட்டது. மெக்கானிக்கை வரச் சொன்னேன். இந்த வண்டியை ஆரம்பத்திலிருந்து பார்ப்பவன். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தான். அடியில் வெள்ளையாக, கொழகொழவென்று ஒட்டியிருந்தது.

"என்ன ஆத்தா, மோரை ஊத்தி வச்சிருக்கீங்களா?"

"ஏம்ப்பா, எதுக்கு எதை ஊத்தணும்னு தெரியாதவளா நானு?"

சிரித்தான். ரேடியேட்டரைப் பார்த்தான். தண்ணீர் குறையவில்லை.

"தண்ணி இங்கிட்டிருந்து எறங்கல. ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் ஓட விடுவீங்க?"

"நூறு எண்ணுவேன்."

அவன் சிரிப்பு போய்விட்டது. "சூடேறுறதுக்குள்ள அணைச்சா உள்ளாற வேர்க்கும் ஆத்தா. அந்தத் தண்ணி எண்ணெயில கலந்துதான் இப்படி ஆகும். தெனம் ஸ்டார்ட் பண்ணிப் பண்ணியே..." எனக்குப் புரிந்துவிட்டது.

என்ஜின் மேல்மூடியைக் கழற்றினான். உள்ளே கறுப்பாக உளுந்தங்களி போல அப்பியிருந்தது. இரும்பு பட்டால் கீறும் என்று மரக்குச்சியால் சுரண்டி, டீசலால் கழுவினான். எண்ணெய் தேங்கும் அடித்தட்டையும் இறக்கினான். எண்ணெய் உறிஞ்சும் சல்லடையில் பாதிக் கண் அடைத்திருந்தது. துடைக்கப் பழைய வேட்டி கேட்டான். அவர் வேட்டியைக் கொடுக்க மனசு வரவில்லை. என் சேலையைக் கிழித்துக் கொடுத்தேன்.

"தட்டைக் கொண்டா. சட்டி வெளக்கத் தெரியும் எனக்கு" என்று வாங்கி நானே தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு வந்துகொண்டே இருந்தது. அவ்வளவும் என் கையால் சேர்ந்தது.

புது எண்ணெய் ஊற்றியதும் விளக்கு அணைந்தது.

"இனிமே சும்மா ஸ்டார்ட் பண்ணாதீங்க ஆத்தா. வாரம் ரெண்டு தடவை நல்லா தூரமா ஓடணும். இல்லேன்னா அடுத்த தடவை என்ஜின் தேறாது."

கொழுந்தனை நானே கூப்பிட்டேன்.

"இப்ப மட்டும் நான் உக்காரலாமா அண்ணி?" என்றான். சாவியை நீட்டினேன். அவன் நெட்டை ஆள். தலையணையை எடுத்துப் பின்சீட்டில் போட்டான். காலுக்கு இடம் பற்றாமல் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினான். ஆலங்குடி வரை போய்த் திரும்பினான். பானெட்டில் கை வைத்தேன், சுட்டது. மூன்று வருஷத்தில் அந்தச் சூட்டை நான் அதற்குக் கொடுத்ததில்லை.

மறுநாள் வாசல் தெளித்துவிட்டு, சாவி இல்லாமல் போய் உட்கார்ந்தேன். ஸ்டியரிங் கைக்கு எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுக்க எனக்குத் தெரியும். இழுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கொழுந்தன் வண்டி எடுக்க வேண்டும்.