செல்லமுத்துவின் நாக்கடியில் விழுந்த சொட்டு

செல்லமுத்து எனக்குத் தம்பி முறை. ஊரே அவனைத் தலைவர் என்று கும்பிட்டாலும் நான் ‘அவன்’ என்றுதான் எழுதுவேன். மோகனூர்ப் பக்கம் நான்கு ஷெட் முட்டைக்கோழியும் கொஞ்சம் கரும்புமாக இருப்பவன்.

எதற்குத் தலைவர் என்று கேட்பீர்கள். கஞ்சா ஒழிப்புக் குழுவுக்கு. எங்கள் ஊரில் கஞ்சா இருந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். குழு அமைத்த பிறகுதான் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே தெரியவந்தது. ஐந்து விரல் போல இலை விரிந்த எதைப் பார்த்தாலும் அவனுக்கு ரத்தம் கொதிக்கும். ஒருநாள் சொந்த வீட்டுக் கொல்லையிலேயே ஒரு பாத்தி முழுவதையும் வேரோடு பிடுங்கி, ஸ்டேஷனுக்குப் போன் போட்டுவிட்டான். வந்த ஏட்டு ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றுவிட்டு, புளிச்சகீரைங்க தலைவரே என்றார். ஆனாலும் புகார் புகார்தானே, சாட்சிப் பொருளை மடியில் கட்டிக்கொண்டு போனார். மறுநாள் அவர் வீட்டில் கீரைக் கடைசல் என்று கேள்வி. அந்தப் பாத்தியை வளர்த்த செல்லமுத்துவின் மனைவி குப்பாயி அவனோடு ஒரு வாரம் பேசவில்லை.

அவன் சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கிடாவெட்டு விருந்துக்கு அவன் வருகிறான் என்று தெரிந்தால் சமையல்காரர் இன்னொரு அண்டாவுக்கு ஆள் அனுப்புவார். அவன் பந்தியில் உட்கார்ந்தால் அடுத்த தெரு ஆடுகள் தாமாகவே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். நான் பார்த்திருக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவனுக்குப் பெருங்குடலில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். பிறகு கீமோ என்றார்கள். ஒரு கீமோ ஏற்றிவிட்டு வந்தால் பத்து நாளைக்கு அவனுக்குச் சோற்று வாசமே ஆகாது. வாந்திக்கென்று கொடுக்கிற மாத்திரையையும் சேர்த்தே வாந்தி எடுத்தான். குப்பாயி கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்குமுன்பே அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டுக் கட்டினான். இப்படியே எடை இறங்கினால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டிவரும், தள்ளிப்போடுவது நல்லதல்ல என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆக, அவன் சாப்பிட்டாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அது மட்டும்தான் நடக்கவில்லை.

அப்போதுதான் டாக்டர் யாழினி ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். சின்ன வயது, பொறுமையான பெண். நானும் கூடப் போயிருந்தேன். அரசாங்க அனுமதி வாங்கி, பூட்டிய அலமாரியில் வைத்திருக்கும் ஓர் எண்ணெய். நாக்குக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குமட்டல் குறைகிறதா, பசி எடுக்கிறதா என்று பார்ப்பார்களாம். கட்டியைக் கரைக்கிற மருந்து இது இல்லை, கட்டிக்குக் கீமோதான் என்பதை மூன்று தடவை சொன்னார். எதிலிருந்து எடுத்த எண்ணெய் என்பதை ஒரே ஒரு தடவை, மெதுவாகச் சொன்னார்.

செல்லமுத்து நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். எழும் தெம்பு எங்கிருந்து வந்ததோ.

டாக்டர் அவனை உட்காரவைத்து மிச்சத்தையும் சொன்னார். சேருகிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் கஞ்சாச் சாறு கலந்த எண்ணெய், மீதிப் பேருக்கு வெறும் எண்ணெய். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு தன் இஷ்டத்துக்குக் குணமாகிக்கொள்ளுமாம்.

“என்ன குடுக்கறோம்னே தெரியாமக் குடுக்கறதுக்குத்தான் இத்தனை வருசம் படிச்சீங்களா அம்மிணி?” என்று கேட்டான்.

“ஆமாங்க ஐயா,” என்றார் டாக்டர். “தெரிஞ்ச மாதிரி நடிக்கக் கூடாதுன்னு படிச்சோம்.”

சாமியைக் கேட்டுவிட்டு வாரேன் என்று எழுந்தான்.

எங்கள் பக்கம் பூக் கேட்பது உண்டு. கல்யாணம், கிணறு வெட்டு, புது ஷெட் எதுவானாலும், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். கம்ப்யூட்டர் போடும் சீட்டை நம்பாதவன், நந்தியாவட்டை போடும் சீட்டை நம்பிக் கன்னிமார் கோயிலுக்குக் கிளம்பினான்.

பூசாரிக்குக் கண்புரை. நான் கட்டித் தாரேன் சாமி என்று பொட்டலம் கட்டும் வேலையைக் குப்பாயி வாங்கிக்கொண்டாள். இரண்டு வாழையிலைத் துண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையை வைத்து மடித்தாள். செவ்வரளி அவள் கொசுவத்துக்குள் போயிற்று. நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். இருவரும் கன்னிமாரைப் பார்த்துக் கும்பிட்டோம்.

வெள்ளை வந்தது. அவன் லேசில் விடுகிறவனா, இன்னொரு தடவை என்றான். மறுபடியும் வெள்ளை. அந்த இன்னொரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கலாம் என்று கை நீட்டினான். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்தால் தெய்வக் குத்தம், கிணற்றில் போட்டுவிட வேண்டும் என்றாள் குப்பாயி. எங்கள் கோயிலில் அது தொன்றுதொட்டு வருகிற வழக்கம். அன்று காலை ஏழரை மணிக்கு ஆரம்பமானது.

ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுமுன் டாக்டர் அவனிடம், யாராவது உங்களை வற்புறுத்தினார்களா, சும்மா சொல்லுங்கள், வேண்டாமென்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம் என்று கேட்டார்.

“யாரும் இல்லீங்க அம்மிணி. சாமியே ரெண்டு தடவை சொல்லிட்டுது.”

குப்பாயி மேலே சுற்றிய மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. லேசாகத் தலை சுற்றுகிறது என்றான். பிறகொரு சாயங்காலம், கோழிகளுக்குத் தடுப்பூசி போட வந்த ஆளின் தொப்பியைப் பார்த்து அரை மணி நேரம் சிரித்தான். அந்தத் தொப்பியில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “குப்பா, அரிசிம்பருப்பு ஆக்கறியா?” என்றான்.

அவள் கையில் இருந்த சொம்பை அப்படியே தண்ணீரோடு கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அந்தத் தாளிப்பு வாசம் கிளம்பியபோது சர்க்கரை ஆலைச் சங்கே ஒரு மணி நேரம் முன்னதாக ஊதியது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஊதவில்லைதான். ஆனால் ஊதியிருக்கலாம். ஒரு கரண்டிச் சோறு தின்றான். அது உள்ளேயே நின்றது.

அடுத்த கீமோவுக்கு எடை இறங்காமல் போனான். அதற்கடுத்ததற்கும்.

அதன் பிறகு சண்டை வேறு விதமாகக் கிளம்பியது. தன் பாட்டிலில் இருப்பது வெறும் எண்ணெய்தான் என்று அவன் அடித்துச் சொன்னான். தலைவனைக் கஞ்சா குடிக்கச் சொல்லிச் சாமி சம்மதிக்குமா? வெறும் எண்ணெய் என்று தெரிந்துதான் வெள்ளைப் பூ கொடுத்திருக்கிறது என்பது அவன் வாதம். குப்பாயிக்கு அது அசல் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் வாதாடினால் பேச்சு பூவுக்குப் போகும். பாவம், வாயை மூடிக்கொண்டு சோறு போட்டாள்.

ஊருக்கும் வாசம் போயிற்று. மூட்டுவலிக்கு ஒரு சொட்டு கிடைக்குமா என்று கேட்டு வந்தார்கள். ஒருவர் தன் தாயாருக்குக் கீமோவை நிறுத்திவிட்டு இதையே கொடுக்கலாம் என்றிருப்பதாகச் சொன்னார். செல்லமுத்து கத்திய கத்தலில் அவர் நேராக ஆஸ்பத்திரிக்கே வண்டியைத் திருப்பினார். தலைவராக இருந்து அவன் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்பேன்.

ஆராய்ச்சிக்கான காலம் முடிந்தது. இன்னும் இரண்டு கீமோ பாக்கி. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும், சட்டம் அப்படி. சட்டத்தைப் பற்றி அவனிடம் யாரும் பேச முடியுமா? அவனே அடியில் கிடந்த மிச்சத்தோடு கொண்டுபோய் நீட்டினான். உங்களுக்கு வந்தது எது என்று நினைக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார், அதையும் குறித்துக்கொள்வார்களாம். வெறும் எண்ணெய் என்றான். சரியா என்று கேட்டான்.

“எனக்கு இன்னும் தெரியாதுங்க ஐயா. எல்லார் கணக்கும் முடிஞ்சாத்தான் பிரிச்சுப் பார்ப்பாங்க. நீங்க ஒருத்தர் சாப்பிட்டதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.”

“அப்ப நான் தின்ன சோத்துக்கு மதிப்பே இல்லீங்களா?”

“இருக்குதுங்க. அத்தனை பேர்ல ஒரு பங்கு.”

வரும் வழியெல்லாம் காரில் உம்மென்று வந்தான். ஒரு பங்கு என்று அவனை யாரும் இதுவரை சொன்னதில்லை.

அடுத்த கீமோ ஏற்றியாயிற்று. நாக்கடியில் விட ஒரு சொட்டும் இல்லை. வழக்கமாக மோசமாகிற மூன்றாம் நாள் மத்தியானம் குப்பாயி தட்டை வைத்தாள். இரண்டு வாய் தின்றான். எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினான். அத்தனையும் வெளியே வந்தது. அவள் தட்டை எடுக்கக் குனிந்தாள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தவன் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“எடுக்காத. ரசம் ஊத்து.”

ஊற்றினாள். ஒரு வாய் வைத்தான், கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான், இன்னொரு வாய் வைத்தான். அது ஆராய்ச்சியில் சேராது, யாரும் குறித்துக்கொள்ளவில்லை. குப்பாயி மட்டும் கையில் கரண்டியோடு நின்றுகொண்டே இருந்தாள்.