தந்தி அண்ணி மெனுவைத் திறந்த கதை

எங்கள் அலுவலகத்தில் என் அண்ணிக்குப் பெயர் தந்தி. கீபோர்டில் அவர் விரல் விழுகிற சத்தத்துக்காக யாரோ வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் அங்கே லென்ஸ் வடிவமைக்கிறவர்கள். எந்தக் கண்ணாடி, எவ்வளவு தடிமன், எந்தப் பக்கம் எவ்வளவு வளைவு என்று கம்ப்யூட்டரில் கொடுத்து, அதன் வழியாக ஒளி எப்படிப் போகிறது என்று பார்க்கிற வேலை. அந்த மென்பொருளிடம் வேலை வாங்க இரண்டு வழி உண்டு. மேலே இருக்கிற மெனுவை மவுஸால் திறந்து, வேண்டியதைத் தேடிப் பிடித்து அழுத்தலாம். இல்லையென்றால் கீழே இருக்கிற காலிக் கட்டத்தில் மூன்றெழுத்துக் கட்டளை ஒன்றைத் தட்டலாம். கட்டளை மனப்பாடமாக இருந்தால் போதும்.

அண்ணிக்கு அத்தனையும் மனப்பாடம். ஸ்கிரீனைப் பார்க்காமல், என்னிடம் பேசிக்கொண்டே, ஒரு கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே கட்டளை கட்டளையாகத் தட்டிப் போவார். நான் ஒரு மெனுவைத் திறந்து மூடுவதற்குள் அவருடைய லென்ஸ் ஒரு சுற்று மெருகேறியிருக்கும்.

நான் மெனு ஆள். அதனால் எனக்கு அவர் வைத்த பெயர் மூஞ்சூறு. மவுஸைப் பிடித்துக்கொண்டு ஸ்கிரீன் முழுக்க மோப்பம் பிடித்து அலைகிறேனாம்.

"அண்ணி, மெனுவுல எல்லாம் எழுதியே வெச்சிருக்கான். நான் எதுக்கு மண்டையில ஏத்திக்கணும்?" என்பேன்.

"சாப்பிடும்போது வாய் எங்க இருக்குன்னு கண்ணாடி பாத்துட்டா சாப்பிடுற?" என்பார்.

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்குப் பழக்கம். அண்ணியிடம் வாங்குவதில் ஒரு சுகமும் இருந்தது.

அப்படிப்பட்ட மனுஷிக்குத்தான் பக்கவாதம் வந்தது. காலையில் பல் தேய்க்கப் போனவர் முகம் கழுவும் தொட்டியைப் பிடித்தபடி சரிந்துவிட்டார். அண்ணன் லிப்ட் மெக்கானிக். பதறாத ஆள். அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். கையும் காலும் சில வாரங்களில் சரியாகிவிட்டன. பேச்சுதான் போய்விட்டது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "வார்த்தை எல்லாம் உள்ளதான் இருக்கு. இவங்க கூப்பிட்டா வர மாட்டேங்குது. கண்ணால பாத்தா, காதால கேட்டா, இதுதான்னு தெரிஞ்சுக்குவாங்க. கொஞ்சம் கொஞ்சமா வரும்."

சொந்தக்காரர்கள் வந்தார்கள். அண்ணிக்கு என்னவோ காது போய்விட்டதுபோலக் கத்திக் கத்திப் பேசினார்கள். சிலர் குழந்தையிடம் பேசுவதுபோல இழுத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒருவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டே வந்தேன். அண்ணன் மட்டும் வழக்கம்போல நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. இரண்டு கையிலும் இரண்டு பொருளைத் தூக்கிக் காட்டுவார். "காபியா, தண்ணியா? சட்டையா, துண்டா?" அண்ணி கையை நீட்டுவார். சில நாள் எரிச்சலில் துண்டைப் பிடுங்கி அவர் மேலேயே எறிவார். அண்ணன் அதை மடித்து வைத்துவிட்டு, "சரி, சட்டைதான்" என்பார்.

விடுப்பு முடிந்து அண்ணி வேலைக்கு வந்தார். பிறந்த குழந்தைகளின் கண்ணுக்குள் பார்க்கிற கேமராவுக்கு ஒரு லென்ஸ். நோயில் விழுவதற்கு முன்னால் அவர் பாதியில் விட்டது. மேனேஜர் கெட்டவர் இல்லை, ஆனால் பூசி மெழுகத் தெரியாதவர். இந்த மாதக் கடைசிக்குள் அண்ணி தனியாக வேலை செய்ய முடிகிறதா என்று பார்ப்பேன், முடியாவிட்டால் சோதனை அறையில் லென்ஸ் துடைத்து அடுக்குகிற வேலைக்கு மாற்றிவிடுவேன், சம்பளம் குறையாது என்று நேராகவே சொல்லிவிட்டார். சம்பளத்தை யார் கேட்டார்கள்? அந்த நாற்காலிதான் அண்ணிக்கு எல்லாமே.

முதல் நாள் அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கீழே காலிக் கட்டம். அதில் கோடு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. விரல்கள் கீபோர்டின் மேல் வந்து நின்றன. ஒன்றும் வரவில்லை. முன்பெல்லாம் தண்ணீர் மாதிரி ஓடிய கை. கடைசியில் எப்படியோ மூன்றெழுத்து அடித்தார். ஒரு கண்ணாடியைச் சேர்க்க நினைத்திருக்கிறார். அடித்ததோ, இருப்பதை அழிக்கிற கட்டளை. அதுவும் சரியான கட்டளைதானே, மென்பொருள் ஏன் என்று கேட்கவில்லை. நடுவிலிருந்த கண்ணாடி காணாமல் போனது. ஒரு புள்ளியில் வந்து கூட வேண்டிய ஒளிக்கோடெல்லாம் விளக்குமாற்றைப்போல விரிந்து கிடந்தது.

நான் எட்டி மெனுவைத் திறந்து, போனதை மீட்டேன். மவுஸை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார். ஸ்கிரீனை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணி, உங்களுக்கு இப்ப நோவு பேச்சுல இல்ல, கொழுப்புல," என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு நாள் அப்படியே போனது.

அந்த நாலு நாளும் நான் அவருடைய லென்ஸோடு மல்லுக்கட்டினேன். படத்தின் ஓரத்தில் ஊதா நிறப் பிசிறு விழுந்தது. குழந்தையின் விழித்திரையில் இருக்கிற மயிரிழை ரத்தக்குழாயைப் பார்க்க வேண்டிய கேமரா அது, பிசிறு இருந்தால் எதற்கு ஆகும்? மெனுவைத் திறந்தேன், மூடினேன், வேறொன்றைத் திறந்தேன். பக்கத்தில் அண்ணி மூச்சு விடுவது கேட்டது. நான் தப்பான இடத்தில் தேடும்போதெல்லாம் அந்த மூச்சு கொஞ்சம் பலமாக வந்தது. என் மெத்தனம் அவருக்கு எப்போதுமே ஆகாது.

"கீழ," என்றார் திடீரென்று.

நான் அசையவில்லை. அசைந்தால் பேச்சு நின்றுவிடுமோ என்று பயம்.

"கீழ. இன்னும் கீழ... அய்யோ!" எழுந்து வந்து ஸ்கிரீனில் விரலை வைத்தார். "இது. இது... கிளாஸ். கிளாஸ மாத்து!"

மெனுவில் அந்த வார்த்தை எழுதியிருந்தது. அதைப் படித்த கண்ணிலிருந்து நேராக வாய்க்கு வந்துவிட்டது. அவர் காட்டிய கண்ணாடியை வேறு வகைக்கு மாற்றினேன். ஊதாப் பிசிறு பாதியாகக் குறைந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. லென்ஸுக்காக இல்லை.

அன்று முழுக்க நான் மவுஸ் பிடித்தேன், அவர் ஓட்டினார். மெனுவைத் திறக்கத் திறக்க ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கினார். "திக்னஸ்." "கர்வேச்சர்." சாயங்காலம் ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். ஒவ்வொரு மெனு வரிக்கும் எதிரே, வெளிறிய எழுத்தில், அதன் மூன்றெழுத்துக் கட்டளையும் இருந்தது. இத்தனை வருஷம் மெனுவிலேயே குடியிருந்த நான் அதைக் கவனித்ததே இல்லை. மெனுவே திறக்காத அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அண்ணி அந்த எழுத்துகளை ஒன்றொன்றாக விரலால் தொட்டார். பிறகு கீபோர்டில் அதே மூன்றையும், எழுதப் பழகுகிற பிள்ளைபோல, அடித்தார்.

மறுநாள் மவுஸை அவரே எடுத்தார். எலியின் வாலைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால்தான். "வாங்க மூஞ்சூறு," என்றேன். நோய் வந்தபிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. காபி எடுத்துவருகிறேன் என்று எழுந்து போய், வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

மாதக் கடைசியில் மேனேஜர் வந்து அண்ணியின் பின்னால் நின்றார். நான் பக்கத்தில் வாயையும் கையையும் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று ஏற்பாடு. அண்ணி மெனுவைத் திறந்தார். படித்தார். ஒன்றைக் கட்டளையாக அடித்தார். அடுத்ததற்கு மறுபடி மெனு. மெதுவாகத்தான் போனது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மேனேஜர் என் பக்கம் குனிந்து, "இவங்களுக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார்.

அண்ணியின் கை நின்றது. "என்கிட்ட... கேளுங்க," என்றார்.

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "சாரி மேடம். நீங்க பாருங்க," என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதன்பிறகு கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் கோடுகளெல்லாம் ஒன்றுகூடி, பிசிறில்லாமல் ஒரு சின்னப் புள்ளியாக நின்றன. அவர் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த லென்ஸ நீங்களே முடிச்சுக் குடுங்க மேடம்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கீழே அண்ணன் வண்டியோடு நின்றிருந்தார். வேலைச் சட்டையில் கிரீஸ் அப்படியே இருந்தது. அண்ணி வருவதைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கி, "நல்லதா, கெட்ட..." என்று ஆரம்பித்தார். அண்ணி ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினார்.

சொல்லிவிட எனக்கு நாக்கு துடித்தது. அண்ணி என்னை ஒரு முறை முறைத்தார். இரண்டு ஆண்களும் நடுத்தெருவில் வாயடைத்துப்போய்க் காத்திருந்தோம். அவர் உதடு ஒன்றைத் தேடியது, விட்டது, மறுபடி தேடியது. அண்ணனின் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவர் எடுத்துக்கொடுக்கவில்லை.

"நாளைக்கு," என்றார் அண்ணி, "எனக்கு... வேலை இருக்கு. சீக்கிரம் எழுப்பி விடுங்க."