இடப்பக்கத்து பிரேக்

பக்கத்து ஊரான பாபகூராவில் ஒரு பழைய அமெரிக்க செடான் கார் விற்பனைக்கு வந்திருந்தது. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லித்தான் மனைவியை அழைத்துப் போனேன். அவள் நம்பவில்லை.

விற்பவர் யாழ்ப்பாணத்துக்காரர், மெக்கானிக். அறுபதுகளில் வந்த வண்டியைப் பளபளவென்று ஆக்கி வைத்திருந்தார்.

"எல்லாம் அந்தக் காலத்துச் சாமான்தான். பிரேக் மட்டும் புதுசாப் போட்டிருக்கிறன்."

"ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?"

"ஓம், ஓடிப் பாருங்கோ."

சாவியை வாங்கிக்கொண்டு வழக்கம்போல வலப்பக்கம் ஏறினேன். அவளும் வழக்கம்போல இடப்பக்கம் ஏறினாள்.

ஸ்டீயரிங் அவள் முன்னால் இருந்தது. அமெரிக்க வண்டி என்பதை இருவருமே மறந்திருந்தோம்.

நான் இறங்கப் போனேன்.

"உக்காருங்க. பதினெட்டு வருஷமா இந்தப் பக்கம் உக்காந்து இல்லாத பிரேக்கை மிதிச்சிருக்கேன். இன்னிக்குத்தான் நிஜமாவே இருக்கு. சாவியைக் குடுங்க."

ஸ்டேஷன் வரை போய்த் திரும்பினோம். அருமையாக ஓட்டினாள். ஆனாலும் வழியெல்லாம் என் வலது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

வண்டி இப்போது எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. மகிழ்ச்சிதான்.

வலப்பக்கமும் ஒரு பிரேக் வைத்துத் தரும் மெக்கானிக் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.