போனில் மட்டும் வந்த சாம்பல் நோய்

அன்று காலையில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், வெட்டுக்கு வந்த ஆட்கள் இருந்தார்கள், நான் இருந்தேன். கூடலூர் வியாபாரி வரவில்லை. அவர் அனுப்புவதாகச் சொன்ன ஜீப்பும் வரவில்லை. தங்கை மதுரையில் நர்சிங் ஹாஸ்டலில் இருந்தாள். அவளுடைய கடைசி வருட ஃபீஸ் எங்கள் தலைக்கு மேலே பழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. மேற்கே மலைமேல் மேகம் கட்டியிருந்தது.

அப்பா போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணே, ஒங்க மகன் போட்ட பக்கத்தப் பாத்தேன். கொத்து பூரா சாம்பலு. எனக்கு வேண்டாம்."

"சாம்பலா? எங்கனப்பா இருக்கு?"

"போன்ல தெரியுதுல்லண்ணே."

அப்பா அண்ணாந்து ஒரு கொத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வியாபாரி பந்தலுக்குள் வந்து, காயைத் தொட்டுப் பார்த்து விலை சொல்வதுதான் வழக்கம். அலைச்சல் மிச்சமாகட்டும், படம் போடுங்கள் என்று சொன்னது அவர்தான். எங்கள் வீட்டில் காலேஜ் படித்த முதல் ஆள் நான். தேனியில் வெப்சைட் செய்யும் கம்பெனியில் வேலை. தோட்டத்துக்கு ஒரு வெப் பக்கம் செய்து, படத்தில் கொத்தை மட்டும் வெட்டியெடுத்து, பழங்களின் ஓரத்தைக் கொஞ்சம் ஊடுருவித் தெரியும்படி மென்மையாக்கி, வெள்ளைப் பக்கத்தின் மேல் மெல்ல மலர்ந்து வருவதுபோல் வைத்திருந்தேன். அழகாக இருந்தது.

பைக்கில் கூடலூரில் இருக்கும் வியாபாரியின் கடைக்குப் போனேன். அவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு பழத்தின் மேலும் வெளுத்த படலம். சாம்பல் நோயேதான். என் போனைப் பக்கத்தில் வைத்தேன். அதில் கருகருவென்று இருந்தது.

"ரெண்டு போன்ல ரெண்டு பழமா தம்பி?"

"ஒங்க பிரவுசர்ல கோளாறுண்ணே. நேத்து புது வெர்ஷன் ஏறியிருக்கு. எவ்வளவு ஊடுருவணும்ங்கிற கணக்க ரெண்டு தடவ போடுது. அதனால பின்னால உள்ள வெள்ள மேல தெரியுது."

"நோய் வந்த தோட்டத்துக்காரவுக எல்லாரும் ஏதாச்சும் ஒண்ணு சொல்லத்தான் செய்வாக."

அப்பா எடுத்த, நான் கைவைக்காத அசல் போட்டோவை அனுப்பினேன்.

"படத்தக் கழுவி அனுப்புறியாக்கும்?" என்று சிரித்தார். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"நீங்களே வந்து பாருங்கண்ணே."

"ஜீப்பு சுருளிப்பட்டிக்குப் போயிருச்சு தம்பி. அங்கன ஏத்திக்கிட்டு இருக்காக."

திரும்பி வரும்போதே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. பழம் வெடித்தது. அம்மா ஈயை விரட்டிக்கொண்டு நின்றாள். அத்தனையையும் ஜூஸ் கம்பெனிக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். நான் கோளாறை விளக்கி பிரவுசர்காரர்களுக்கு எழுதினேன். தெரிந்த பிழைதான், அடுத்த வெர்ஷனில் சரியாகும் என்று ஒரு வரி பதில் வந்தது. படித்தேன்.

அடுத்த வெர்ஷனும் வந்தது. வியாபாரி அப்பாவைக் கூப்பிட்டார்.

"அண்ணே, இப்பப் பாத்தா சாம்பலக் காணோமே!"

"மழ கழுவிருச்சுப்பா" என்று சொல்லிவிட்டு அப்பா போனை வைத்தார்.

கிலோ நாற்பதுக்குப் போகவேண்டிய இரண்டு டன் பழம் பன்னிரண்டுக்குப் போனது. நஷ்டம் ஐம்பத்தாறாயிரம் ரூபாய்.