ஆறாத குழாய், காலியான பக்கெட்

துபாய் சத்வாவில் நாங்கள் நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு இந்த மாதத் தண்ணீர் பில் இரண்டு மடங்கு.

எங்கோ ஒழுகுகிறது என்று நினைத்து, காலையில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தேன். அசையவே இல்லை.

திரும்பி வந்தால், ரூம்மேட் செல்வம் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு வெளியே நிற்கிறான்.

"மாடி டேங்க் தண்ணி கொதிக்குதுண்ணே. ஆறட்டும்னு விட்டிருக்கேன்."

"அது அக்டோபர் வரைக்கும் ஆறாதுடா. பக்கெட்ல பிடிச்சு ஏசி ரூம்ல வச்சுக் குளி."

எனக்கும் ஒரு பக்கெட் அப்படி வைத்துவிட்டு டூட்டிக்குப் போனேன்.

சாயங்காலம் பக்கெட் காலி. செல்வம் தலை துவட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்க சொன்னது சரிதாண்ணே. சில்லுனு இருந்துச்சு. குழாயைத் தொடவே இல்ல."

பில் குறைந்துவிடும். நான் துண்டோடு கொதிக்கும் குழாய் முன்னால் நிற்கிறேன்.

உங்கள் ரூமில் பக்கெட்டுக்கு எப்படிப் பூட்டு போடுகிறீர்கள்?