நெல்வியை அழைத்த கதை

பினாங்குக்கு வந்த பதினோராம் நாள் நெல்வி பேசுவதை நிறுத்திவிட்டாள். நெல்வியாவது, வாயை மூடுவதாவது! சுமத்ராவில் பரியாமான் என்கிற அவளுடைய கடலோர ஊரில் போய் இதைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அங்கே அவள் பள்ளிக்கூட டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைப்பவள். கடல்பாசியைப் பற்றி மேல்படிப்புப் படிக்க இடம் கிடைத்தபோது ஊரே கூடி ஒரே பேச்சைத்தான் பேசியது. மலேசியாதானே, அங்கேயும் நம் மொழிதான், உனக்கென்ன கஷ்டம் என்றது.

வினையே அங்கேதான். சுத்தமாகப் புரியாத மொழி என்றால் ஆள் ஜாக்கிரதையாக இருப்பாள். இது பாதி புரிந்து கழுத்தை அறுக்கிற மொழி. வந்த அன்றே உணவுக்கூட வாசலில் ஒரு பலகையைப் பார்த்தாள். புதிய மாணவர்களுக்கு மதியச் சாப்பாடு 'பெர்ச்சுமா' என்று எழுதியிருந்தது. பினாங்கில் பெர்ச்சுமா என்றால் இலவசம். அவள் ஊரில் பெர்ச்சுமா என்றால் வீண், ஒன்றுக்கும் உதவாதது. அட, எவ்வளவு யோக்கியமான மனிதர்கள், தங்கள் சாப்பாடு உருப்படாது என்று தாங்களே எழுதி மாட்டியிருக்கிறார்களே என்று மெச்சிக்கொண்டு மூன்று நாள் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள், வெறும் ரொட்டியின் புண்ணியத்தில், பேருந்தில் தலை சுற்றியது. ஓட்டுநரிடம் தள்ளாடிப் போய் "பூசிங்" என்றாள். அவள் ஊரில் அது தலைசுற்றல். இங்கே அதற்குத் திருப்பு என்று பொருள். ஒருத்திக்காகப் பேருந்தைத் திருப்ப முடியாது, போய் உட்கார் என்று அந்த மனிதர் சிடுசிடுத்தார்.

ஆனால் அவள் வாயைப் பூட்டியது இதெல்லாம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒரு குடுவை தேவை என்று சொல்லப்போனாள். 'தேவை' என்பதற்கு அவள் ஊரில் எல்லோரும் புழங்குகிற சொல் ஒன்று உண்டு. அதே சொல் பினாங்கில்... வேண்டாம், நான் எழுதமாட்டேன், சின்னப் பிள்ளைகள் படிக்கும். ஆண்பிள்ளைகளிடம் மட்டும் இருக்கிற ஒன்றின் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் அவள் எட்டுப் பையன்கள் முன்னால், உடனே வேண்டும் என்று, வகுப்பறைக் குரலில் உரக்கக் கேட்டாள். இரண்டு பேர் மேசைக்கு அடியில் போய்ச் சிரித்தார்கள். அன்றோடு சரி. அதற்குப் பிறகு ஆமாம், இல்லை, நன்றி என்று மூன்று சொல்லிலேயே பிழைப்பை ஓட்டினாள்.

அந்தப் பையன்களை விரட்டியவள் ஆய்வுக்கூட உதவியாளர் சல்பியாக்கா. அவளும் முதலில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள், அதை மறைக்க முடியாது. ஆனால் சிரித்து முடித்ததும் குடுவையைக் கையில் கொடுத்து, முதுகைத் தடவி, "சனிக்கெழம எம்பொண்ணு கல்யாண விருந்து. உன்ன ஜெம்புத் பண்றேன் தங்கச்சி, கட்டாயம் லா" என்று, இந்த ஊர்க்காரர்கள் பேச்சின் வாலில் ஒட்டுகிற லாவோடு சொன்னாள். வழிப்படம் போட்ட பத்திரிகை ஒன்றையும் நீட்டினாள்.

நெல்விக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அவள் ஊரில் ஜெம்புத் என்றால் நேரில் வந்து கூட்டிக்கொண்டு போவது. அதுவும் பரியாமானில் கல்யாணம் என்றாலே ஜெம்புத்தான். பெண் வீட்டார் திரண்டு போய் நேரில் அழைத்தால்தான் மாப்பிள்ளையைத் தாலாட்டிப் பாராட்டி வளர்த்தவர்கள் அனுப்புவார்கள். இந்த ஊரில் தன்னையும் கூட்டிப் போக ஓர் ஆள் வரப்போகிறது! பத்திரிகையை ஞாபகார்த்தமாகப் பைக்குள் பத்திரப்படுத்தினாள்.

இந்தச் சனிக்கிழமையைத்தான் அவள் மலைபோல நம்பியிருந்தாள். ஏனென்றால் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அவளுடைய வேலையைத் திங்கட்கிழமை வரை பிடித்துவைப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் திரும்பினால் பழைய வகுப்பு, பழைய நாற்பது பிள்ளைகள். இல்லையென்றால் இரண்டு வருஷம் இந்த ஊர்தான். வெள்ளிக்கிழமை அம்மா அழைத்தாள். வீட்டில் கொச்சையாகப் பேசுகிற அம்மா தொலைபேசியில் மட்டும் ரேடியோக்காரி மாதிரிப் பேசுவாள். வீட்டுப் பேச்சு கடல் தாண்டாது என்று அவளுக்கு எண்ணம். உனக்கு அங்கே பிடிக்கவில்லையென்றால் ஒரு வார்த்தை சொல், ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்துக்கு வந்து ஜெம்புத் செய்கிறேன் என்றாள். நெல்வி சனிக்கிழமை சொல்கிறேன் என்றாள். தன்னை ஒரு மனுஷியாக மதித்துப் பேச இங்கே ஒரு வீடு இருந்தால் இருப்பது, இல்லாவிட்டால் மூட்டை கட்டுவது. அப்படித்தான் மனசுக்குள் முடிவு செய்திருந்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே மாணவியர் விடுதி வாசலில் நின்றாள். அம்மாவின் சரிகைத் தாவணி தோளில் மின்னியது. வருகிற கார் ஒவ்வொன்றையும் சிரித்த முகத்தோடு பார்த்தாள். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. வெயிலில் பவுடர் கரைந்து கழுத்தில் இறங்கியது. பன்னிரண்டரைக்கு அவளுக்குப் பொறுமை போயிற்று. மறந்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் ஆயிரம் வேலை, ஊமை மாதிரி திரிகிற ஒரு வெளியூர்க்காரியை எவள் நினைத்துக்கொண்டிருப்பாள்? தங்கினது போதும் என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்பினாள். 'நாளை வருகிறேன், ஜெம்புத் செய்.'

அனுப்பிவிட்டு, காலையில் விமான நிலையம் போக வண்டி எங்கே பிடிப்பது என்று கேட்கக் காவலர் சுக்ரியிடம் போனாள். அவரோ பத்து மணியிலிருந்து அவளைத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையிலேர்ந்து யாருக்காகத் தங்கச்சி நிக்கிற?"

"சல்பியாக்காவுக்கு. கல்யாண வீடு. ஜெம்புத் பண்றேன்னு சொன்னாங்க."

"ஜெம்புத் பண்ணிட்டாங்கல்ல?"

"இல்லண்ணே, இன்னும் பண்ணல."

"பண்ணாமயா பத்திரிகை உன் பையில எட்டிப் பாக்குது?"

"பத்திரிகை குடுத்தாங்க. ஆனா ஜெம்புத் பண்ணல."

சுக்ரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. "ஐயோ தங்கச்சி, பத்திரிகை குடுக்கறதுதான் லா ஜெம்புத்து. நீதான் போவணும்!"

நம்மிடமும் அழைப்பு என்பது ஒரே சொல்தான். விருந்துக்கு அழைப்பதும் அழைப்பு, வீட்டுக்கு வந்து அழைத்துப் போவதும் அழைப்பு. மாப்பிள்ளை அழைப்புக்கு யாராவது பத்திரிகையை நீட்டிவிட்டுச் சும்மா இருந்தால் தெரியும் சேதி. கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு பாதியையும் அந்தப் பக்கம் மறுபாதியையும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். நெல்வி கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள்.

கல்யாண வீடு இருந்த பாலிக் புலாவுக்கு மலைப் பாதையில் பேருந்து வளைந்து வளைந்து போனது. தலை சுற்றியது. ஆனால் ஓட்டுநரிடம் வாயைத் திறக்கவில்லை, புத்தி வந்திருந்தது. மூன்று மணிக்கு இறங்கியபோது விருந்து கலைந்துகொண்டிருந்தது. அண்டாக்களைக் கழுவக் கவிழ்த்துவிட்டார்கள். கொம்பாங் மேளக்காரர்கள் மேளங்களை அடுக்கி வைத்துவிட்டுக் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சல்பியாக்கா பட்டுப் பாஜூச் சட்டையும் வியர்வையுமாக வாசலிலேயே நின்றாள். பதினொரு மணியிலிருந்து ரோட்டையே பார்க்கிறேன், ரெண்டாங் இறைச்சிக் கறிக்குப் பேர்போன பரியாமான் பெண் வந்து நம்ம ரெண்டாங்குக்கு மார்க் போடப்போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேன், மானத்தை வாங்கிவிட்டாயே என்று பொரிந்து தள்ளினாள். ஒரு தட்டு சோறும் ரெண்டாங்கும் மூடி போட்டுத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் நெல்விக்கு அடக்கி வைத்ததெல்லாம் உடைந்தது. வாய்ப்பூட்டு திறந்து, அவள் ஊர்ப் பேச்சிலேயே, பலகை, பேருந்து, காலை பத்து மணி என்று ஒன்றுவிடாமல் கொட்டினாள். சொல்லச் சொல்லப் பாத்திரம் கழுவிய பெண்களெல்லாம் சுற்றி நின்றுகொண்டார்கள்.

சல்பியாக்கா சிரிக்கவில்லை. "அப்ப நான் வந்து கூட்டிட்டுப் போவேன்னு ரெண்டரை மணி நேரம் வெயில்ல நின்னியா?"

"ஆமாக்கா."

"திரும்பிப் போ. ரோட்டுக்குப் போ."

விரட்டுகிறாள் என்று நினைத்து நெல்வி திரும்பி நடந்தாள். சாலையோரத்துக்கு வந்து, எந்தப் பக்கம் பேருந்து வரும் என்று பார்க்கும்போதே பின்னால் மேளம் முழங்கியது. கையில் ஒட்டிய சோற்றைத் துடைக்காமலே மேளக்காரர்கள் வரிசை கட்டி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் சல்பியாக்கா, யாரோ பிடித்த மஞ்சள் குடையின் கீழ், ராணி மாதிரி வந்தாள். நேரே வந்து நெல்வியின் கையைப் பிடித்தாள்.

"உங்க ஊர் ஜெம்புத்து. இப்ப சரியா இருக்கா?"

கல்யாணப் பெண்ணே எட்டிப் பார்த்துச் சிரித்தாள். நெல்வி அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். ரெண்டாங்குக்கு என்ன மார்க் என்று கேட்டதற்கு, அம்பது, வறுத்தது பத்தாது, அடுத்த தடவை நான் செய்கிறேன் என்று டீச்சர் குரலில் சொன்னாள். பெண்கள் ஓவென்று கத்தினார்கள்.

அப்போதுதான் அம்மாவின் ஞாபகம் வந்தது. தட்டோடு பலாமரத்தடிக்குப் போய் அழைத்தாள். அம்மா ரேடியோக் குரலில், விமான நிலையம் போக மாமாவின் வண்டியைச் சொல்லிவிட்டேன், எத்தனை மணிக்கு ஜெம்புத் செய்ய வேண்டும் என்றாள்.

"நீ ஜெம்புத் பண்ண வேணாம்மா. நாந்தான் உன்ன ஜெம்புத் பண்றேன்."

அம்மா ரேடியோக் குரலை விட்டுவிட்டு, பதறிப்போய், வீட்டுப் பேச்சில் கேட்டாள்:

"எதுலடீ வந்து கூட்டிட்டுப் போவ? நடுவுல கடல் கெடக்கே!"